பாலத்துக்கு முன்னால் நிற்கும் வண்டி

இதிலிருக்கும் அனைத்தும் அழிந்துவிடும், தொடரலாமா என்று திரை கேட்டது. பிருந்தா கட்டைவிரலைப் பொத்தானின் மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அழுத்தவில்லை, எடுக்கவுமில்லை. கேட்பது ஒரு பழைய டிஸ்க்கைப் பற்றித்தான். அதற்குள் இருந்ததையெல்லாம் நேற்றே பென் டிரைவில் நகலெடுத்தாயிற்று, அதைப் புது டிஸ்க்கிலும் ஏற்றியாயிற்று. இருந்தும் இந்த மாதிரிக் கேள்விகள் எதுவுமே அவளுக்குச் சும்மா வந்து போனதில்லை. பொறியியல் கலந்தாய்வு நடந்த அன்று சங்ககிரி பிரவுசிங் சென்டரிலும் இதே கேள்விதான் வந்தது, உறுதி செய்தபின் மாற்ற இயலாது என்று. அங்கிருந்த அக்கா, அழுத்து கண்ணு, உம் பின்னால ஆறு பேரு நிக்கறாங்க என்றாள். பிருந்தா அப்பாவுக்குப் போன் போட்டாள். அப்பா நாக்பூர் தாண்டி எங்கோ போய்க்கொண்டிருந்தார். என்ஜின் சத்தத்துக்கு நடுவே, உனக்கு எது சரின்னு படுதோ அத அழுத்து சாமி, எனக்கென்ன தெரியும் என்றார். அந்த எனக்கென்ன தெரியும் என்பதில் வருத்தமே கிடையாது, பெருமைதான் இருந்தது, அதனால்தான் அது அவளை அவ்வளவு பயமுறுத்தியது. வீட்டின் முதல் பட்டதாரி என்று தாசில்தார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சான்றிதழ் பீரோவில் இருக்கிறது. அது வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் எதையும் திறப்பதும் மூடுவதும் அவள் வேலை. மிக்ஸி நின்றால் அவள், ஆதார் திருத்தம் என்றால் அவள். தெரியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வந்ததில்லை. தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, தனியாகப் போய், நாலு வீடியோ பார்த்து, எழுதி வைத்து, கை வியர்க்க வியர்க்கச் செய்வாள். இப்போதும் கை வியர்த்தது. கேம் கன்ட்ரோலரைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டாள். மணி மூன்றே கால். அப்பா நாலு மணிக்கு வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருடைய பழைய சேக்காளிகள் கூடும், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்குப் போனால் நாலு மணி டீ வீட்டில்தான்.

டி.வி. ஸ்டாண்டின் மேல் அந்தப் பழைய டிஸ்க் ஒரு கறுப்பு டப்பாவுக்குள் அடங்கி, ஒயரோடு வீடியோ கேம் கன்சோலில் மாட்டிக்கொண்டு, சின்ன நீல விளக்கு எரிய உட்கார்ந்திருந்தது. ஒரு மணி நேரம் முன்புவரை கன்சோலுக்கு உள்ளே இருந்தது இதுதான். இன்று அதைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை உள்ளே வைத்திருக்கிறாள். பழையதையும் வீணாக்காமல் டப்பாவில் போட்டால் கூடுதல் இடமாகும், அதற்கு முதலில் அதைத் துடைக்க வேண்டும், அதைத்தான் திரை கேட்கிறது. எல்லாம் யோசித்துச் செய்ததுதான். யோசிக்காமல் அவள் ஒரு குண்டூசி வாங்கியதில்லை. கன்சோல் வாங்கவே ஒன்றரை மாதம் யோசித்தாள். கோயம்புத்தூரில் அவள் அறைத்தோழி, இந்த நேரத்துக்கு ஒரு மாப்ள பாத்துக் கல்யாணமே முடிச்சிருக்கலாம்டி என்றாள். புதிய கன்சோல் பளபளவென்றுதான் இருந்தது, ஆனால் விலையைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிட்டாள், பிறகு மூடியது கோழைத்தனம் என்று தோன்றித் திறந்து முழுக்கப் படித்தாள். அதே கம்பெனியின் சின்ன மாடல் மலிவுதான். ஆனால் அதில் சி.டி. மாதிரிக் கேம் தட்டைப் போட வழியில்லை, ஒவ்வொரு கேமையும் நெட்டில்தான் இறக்க வேண்டும், சங்ககிரி வீட்டில் நெட் என்பது அவள் ஊருக்கு வரும்போது கூடவே வரும் அவள் போன்தான். அதோடு அந்தப் புதியவற்றுக்கு இடம் பத்தாமல் போனால் அதற்கென்றே விற்கும் மெமரித் துண்டைத்தான் வாங்கிச் சொருக வேண்டும், அந்தத் துண்டின் விலையில் பாதிக் கன்சோல் வந்துவிடும். முந்தைய தலைமுறைக் கன்சோல் என்றால் யாரோ ஆடிவிட்டு விற்பது கிடைக்கும், இடம் பத்தாவிட்டால் லேப்டாப்பில் போடுகிற சாதாரண டிஸ்க்கையே வாங்கி ஒரு திருகாணியைக் கழற்றி மாட்டிவிடலாம். ஒரே ஒரு திருகாணி. அவள் முடிவு செய்தது அந்தத் திருகாணியால்தான். காந்திபுரத்துக் கடைக்காரர், யாருக்குங்க மேடம், தம்பிக்கா என்றார். அப்பாவுக்கு என்றாள். அவர் சிரித்தார். பிறகு அவள் சிரிக்காததைப் பார்த்து, அப்பாவுக்கு என்ன வயசுங்க என்றார். ஐம்பத்தாறு, லாரி ஓட்டிட்டிருந்தாரு என்றாள். அவர் வேறொன்றும் கேட்காமல் உள்ளே போய் லாரி ஓட்டும் கேம் தட்டு ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து, தூசியைச் சட்டையில் துடைத்து, இதுக்குக் காசு வேண்டாம், கன்சோல் குடுத்துட்டுப் போன பையன் ரோஷனோட தட்டுதான் இது என்றார். அவர் காசு வேண்டாம் என்றதை அவள் இன்னும் நினைத்துக்கொள்கிறாள். நினைக்கும்போதெல்லாம், பரிதாபப்பட்டாரோ, அப்பாவைப் பற்றி அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமோ என்றும் தோன்றிவிடும்.

பரிதாபப்பட எதுவுமில்லை, கால்தான். சர்க்கரை முதலில் கால்விரல்களின் உணர்ச்சியைத் தின்றது, அப்புறம் பாதத்தின் உணர்ச்சியை. அப்பாவுக்குத் தெரியவே இல்லை. தும்கூர் பக்கம் ஒரு தாபாவில் செருப்பைக் கழற்றினபோது செருப்பெல்லாம் ரத்தம். ஆஸ்பத்திரியில், ஐயா, நீங்க பிரேக்க மிதிக்கிறது உங்களுக்கே தெரியாது, இனி ஸ்டீயரிங் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஓனர் வேறு டிரைவரை பஸ்ஸில் அனுப்பினார். பின்னால் வெங்காய லோடு. பாதி வழி. அப்பா துணிப்பையை எடுத்துக்கொண்டு இறங்கி, சாவியை அந்தப் பையனிடம் கொடுத்துவிட்டு, பஸ் ஏறி வந்தார். இருபத்தெட்டு வருசத்தில் லோடை இறக்காமல் வண்டியை விட்டு இறங்கியது அந்த ஒரு தடவைதான். அதைப் பற்றி அவர் பேசியதில்லை. வெங்காயம் என்ன ஆச்சோ என்று மட்டும் ஒரு தடவை சாப்பிடும்போது கேட்டார், யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. அம்மா சாம்பாரை ஊற்றிக்கொண்டே, அது இன்னேரம் யாரு வயித்துலயோ போயிருக்கும், நீங்க தின்னுங்க என்றாள். கன்சோலில் பிரேக் காலில் இல்லை, இடது ஆள்காட்டி விரலில் இருக்கிறது. வண்டி குழியில் இறங்கினால் கன்ட்ரோலர் கையில் அதிரும். முதல் நாள் அதைக் கையில் கொடுத்தபோது அப்பா வண்டியைக் குழியில் இறக்கினார், ஏற்றினார், திரும்ப அதே குழியில் இறக்கினார். தெரியுது சாமி என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவள் எழுந்து பாத்ரூமுக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டாள். அதன்பிறகு தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு, அவள் ஆபீசில் டப்பாவைத் திறக்கிற நேரம் பார்த்துப் போன் வரும். லோடு ஏத்திட்டேன் சாமி. இன்னைக்குத் தொப்பூர் கணவாயாட்டம் ஒரு எறக்கம், மூணாவது கியர்லயே உருட்டிட்டு வந்தேன். இந்த ஊருல ஒருத்தனும் ஹாரன் அடிக்க மாட்டேங்கறான், நான் அடிச்சா திரும்பித் திரும்பிப் பாக்கறானுங்க. எந்த நாட்டுச் சாலையோ அது, பைன் மரமும் பனியுமாக, அப்பாவுக்கு அது ஒரு மேட்டூர் ரோடு. டீ குடிக்க வேண்டுமென்றால் வண்டியை ஓரங்கட்டி, இண்டிகேட்டர் போட்டு, என்ஜினை அணைத்துவிட்டுத்தான் அடுப்படிக்கு வருவாராம். லாரிய விட்டு இவரு எறங்கினாலும் லாரி இவர விட்டு எறங்க மாட்டேங்குது என்று அம்மா போனுக்குப் பின்னாலிருந்து கத்துவாள். அம்மாவின் குரலில் இரண்டு வருசமாகக் காணாமல் போயிருந்த ஒரு சிரிப்பு இருக்கும், அதற்காகவே பிருந்தா போனை இன்னும் கொஞ்சம் காதோடு அழுத்திக்கொள்வாள். முந்தாநாள் போனில், மர லோடு, பெரிய ஆத்துப் பாலத்துக்கு முன்னால நிப்பாட்டி வெச்சிருக்கறேன், நாளைக்குப் போயிக்கலாம்னு என்றார். நேற்று வண்டியை எடுக்க முடியவில்லை. டிஸ்க் கரக் கரக்கென்று இரைந்து, திரை கறுத்து, கால் மணி நேரம் அப்படியே நின்றுவிட்டது. டீசல் எறங்கலயாட்டம் இருக்குது, நீ வந்து பாரு என்றார். அவர் அதற்காகக் கவலைப்பட்ட மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. அதனால்தான் அவள் நேற்று மத்தியானமே பஸ் ஏறினாள், வழியில் இறங்கி டிஸ்க்கையும் டப்பாவையும் வாங்கினாள்.

கட்டைவிரல் இன்னும் பொத்தான் மேல்தான். ஒரு வேளை என்று அவளுக்குள் ஒன்று தொடங்கியது. இந்த ஒரு வேளைதான் அவள் வாழ்க்கையையே பாதி தின்றிருக்கிறது. வீட்டைப் பூட்டினோமா என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வந்திருக்கிறாள், பூட்டித்தான் இருந்தது. பரீட்சைத் தாளில் பதிவெண்ணை மூன்று தடவை சரிபார்த்து, சரிபார்த்ததைச் சரிபார்த்திருக்கிறாள். ஒரு வேளை நகல் சரியாக விழவில்லை என்றால். விழுந்தது, அவள் கண்ணால் பார்த்தாள், யார் ஓட்டுவது என்று கன்சோல் கேட்டதற்கு அப்பா என்று அவள் முதல் நாள் தொடங்கிக் கொடுத்த பேரில்தான் போய், அங்கே இருந்ததை எடுத்தாள், ஒரே ஒரு சின்னக் கோப்பு, கண் சிமிட்டுவதற்குள் நகலாகிவிட்டது. அவ்வளவு சின்னதா. நாலு மாத ஓட்டம், இவ்வளவு மலை, இவ்வளவு லோடு, கண் சிமிட்டுவதற்குள்ளா. இருக்கலாம், எண்கள்தானே, எண்களுக்கு என்ன எடை. வண்டி எங்கே நிற்கிறது என்பதற்கு ஓர் எண், டீசல் எவ்வளவு என்பதற்கு ஓர் எண். அவள் அழுத்திவிடலாம். அழுத்திவிட்டு, டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு, அப்பா வரும்போது டி.வி.யில் பாலம் தயாராக இருந்தால் எப்படியிருக்கும். முன்பெல்லாம் ரெண்டு நிமிசம் கறுத்துக் கிடந்த திரை இப்போது நாலு நொடியில் வந்துவிடும், அப்பா, ஏன் சாமி, புது என்ஜினா என்பார். அவள் விரலை எடுத்தாள். வட்டப் பொத்தானை அழுத்தி, வேண்டாம் என்று சொல்லி, அந்தக் கேள்வியிலிருந்து வெளியே வந்து, சரிபார்த்ததைச் சரிபார்க்கத்தான் போகிறோம் என்று தன்னையே கடிந்துகொண்டு, கேமைத் திறந்தாள். நாலு நொடிகூட ஆகவில்லை. வண்டி வந்தது. பாலம் இல்லை, ஆறு இல்லை, மரக்கட்டைகள் இல்லை. முதல் நாள் நின்ற தகரக் கொட்டகையில், கழுவி நிறுத்தின மாதிரி, வண்டி நின்றது. ஓடிய தூரம் மூன்று கிலோமீட்டர்.

 அவள் மறுபடி வெளியே போய் மறுபடி திறந்தாள், கொட்டகை. அழித்துவிட்டேன். இல்லை, இன்னும் அழிக்கவில்லை, டப்பாவில் நீல விளக்கு எரிகிறது. ஆனால் டப்பாவில் இருப்பதும் இதுதானே, இதைத்தானே நகலெடுத்தேன். அப்படியென்றால் நேற்று அது கரக்கென்று நின்றபோதே எல்லாம் போயிருக்கிறது, அல்லது திருகாணியைக் கழற்றும்போது கை ஆடினதே அப்போது, அல்லது கரண்ட்டை அணைப்பதற்கு முன் அவசரப்பட்டோமோ. படித்த பெண் செய்கிற வேலையா இது. ரிப்பேர் கடைக்குக் கொடுத்திருந்தால்கூட ஒழுங்காகச் செய்திருப்பார்கள். பாதி வழியில் அவரிடமிருந்து ஒருவன் பஸ்ஸில் வந்து சாவியை வாங்கிக்கொண்டான், இப்போது நானே வந்து இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டேன். சொல்லாமல் இருக்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது, டிஸ்க் தானாகப் போய்விட்டது என்று சொல்லலாம், அவர் நம்புவார், அவள் எது சொன்னாலும் நம்புவார், அதனால்தான் சொல்ல முடியாது. வெளியே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. இடது கால் அழுத்தமாக, வலது கால் இழுத்து. மணி நாலாகவில்லை, மூன்றே முக்கால்தான். இதற்குத்தான் சீக்கிரம் வந்திருக்கிறார்.

"என்ன சாமி, வண்டி ரெடியா?" அப்பா மாதேஸ்வரன் வாசலிலேயே செருப்பைக் கழற்றி, டாக்டர் சொன்னபடி பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"அப்பா, உக்காருங்க. ஒண்ணு சொல்லணும்."

"எதுக்கு மூஞ்சி இப்புடி இருக்குது? ஏய், புள்ளைக்குத் தண்ணி கொண்டா."

"தண்ணி வேண்டாங்கப்பா. உங்க வண்டி..." அவள் டி.வி.யைக் காட்டினாள். "பாலத்துக்கிட்ட நின்னதுல்ல, அது காணோம். மொதல் நாள் எடத்துல நிக்குது. நான்தான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன். டிஸ்க் மாத்தும்போது. எப்புடின்னு தெரியல, ஆனா நான்தான்."

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டே போனார். வெகுநேரம் பார்த்தார். அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த முதுகு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அன்றைய முதுகாகத் தெரிந்தது.

"இது என் வண்டியே இல்லயே" என்றார்.

"இல்லங்கப்பா, உங்க பேருலதான் நான்..."

"எம் வண்டி ரோஷன் பேருல இருக்குது."

அவளுக்குப் புரியவில்லை. "ரோஷனா? அது இத வித்துட்டுப் போன பையனுங்கப்பா. நமக்கும் அவனுக்கும் என்ன?"

"வித்துட்டாரா? பேரு இன்னும் அவரு பேருதான மேல இருந்துது. ஆர்.சி. மாத்தாத வண்டி மாதிரி. ஓனரு அவருதான்னு நெனச்சேன்." அப்பா சங்கடமாகச் சிரித்தார். "நாம எப்பயும் ஓனர் பேருல இருக்கற வண்டியத்தான ஓட்டறது."

"அப்ப, பக்கத்துல அப்பான்னு இங்கிலீஷ்ல எழுதி வெச்சிருந்தேனே?"

"அது வண்டிக்கு முன்னால கண்ணாடில எழுதுவாங்களே, அப்பா அம்மா ஆசின்னு. புள்ள வாங்கிக் குடுத்திருக்குது, மரியாதைக்கு அப்படி எழுதியிருக்குதுன்னு விட்டுட்டேன்."

அடுப்படியிலிருந்து அம்மாவின் சிரிப்பு பாத்திரச் சத்தத்தோடு வந்தது. "அம்மா ஆசிய ஏண்டி எழுதாம விட்ட?"

பிருந்தா சிரிக்கவில்லை, அவள் கண் டப்பாவின் மேல் இருந்தது. ரோஷன் பேரை அவள் நீக்காமல் விட்டதற்கும் காரணம் இதே மாதிரி ஒரு கேள்விதான். நீக்கினால் அதிலிருப்பது அனைத்தும் அழியும் என்று கேட்டது, பயந்து அப்படியே விட்டாள். நேற்று நகலெடுக்கும்போது அந்தப் பேருக்குள் அவள் எட்டியே பார்க்கவில்லை. அப்படியானால் எல்லாம் அங்கேதான் இருக்கிறது, அந்த நீல விளக்குக்குப் பின்னால், இருபது நிமிசம் முன்பு அவள் விரலடியில் இருந்த அதற்குள். ஒயரைப் பிடுங்கினாள். டப்பாவை உடைக்காத குறையாகத் திறந்தாள். கரண்ட்டை அணைத்து, ஸ்விட்சையும் அணைத்து, அணைத்ததைப் பார்த்து, ஒரே ஒரு திருகாணியைக் கழற்றிப் புதியதை உருவிப் பழையதை உள்ளே தள்ளினாள். அப்பா போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தார், டயர் மாற்றும்போது கிளீனர் நிற்கிற மாதிரி. மெல்ல சாமி, மரை போயிரும் என்றார். கரக் என்றது. திரை கறுத்தது. கறுத்தே இருந்தது. ஒரு நிமிசம், இன்னொரு நிமிசம். அம்மா கரண்டியோடு நிலைப்படியில் வந்து நின்றாள். ரோஷன் என்ற பேரை அப்பா தேர்ந்தெடுத்தார். பைன் மரங்கள் வந்தன. பனி வந்தது. பெரிய ஆறு ஒன்று சாம்பல் நிறத்தில் வந்தது. பாலத்துக்கு முன்னால், இண்டிகேட்டர் மினுக்கிக்கொண்டு, ஓரமாக ஒழுங்காக நிறுத்திய லாரி ஒன்று மரக்கட்டைகளோடு நின்றது.

"இத அப்படியே புதுசுக்கு மாத்த முடியாதுங்கப்பா" என்றாள் அவள். "ஒருத்தர் பேருல இருக்கறத இன்னொருத்தர் பேருக்குக் குடுக்காது. புதுசுல ஓட்டணும்னா மொதல்ல இருந்து ஓட்டணும். இல்லாட்டி இதையே ஓட்டலாம், ஆனா இது எத்தன நாள் தாங்கும்னு சொல்ல முடியாது. எது வேணும்னு நீங்க சொல்லுங்க."

"மொதல்ல இருந்துன்னா, எம் பேருலயா?"

"ஆமாங்கப்பா. உங்க பேருல."

அப்பா கன்ட்ரோலரைக் கையில் எடுத்தார். "இரு. லோடு பாதில நிக்குது. எறக்கிட்டு வந்தர்றேன்."

பாலம் நீளமாகத்தான் இருந்தது. அவர் வேகமாக ஓட்டவில்லை. நடுவில் இரண்டு தடவை படம் நின்று நின்று வந்தது, அப்போதெல்லாம் அவர் ஆள்காட்டி விரலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு பொறுமையாக இருந்தார். பிருந்தா திருப்புளியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு வருசத்தில் அப்பா ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. லாரி தெருவில் நிற்கும்போது ஏறியிருக்கிறாள், ஏழு வயதில், முகப்பில் பெரிதாக எழுதியிருந்த சுபாஷ், சுவாதி என்ற பேர்களை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, ஏங்கப்பா எம் பேரு இல்ல என்று கேட்டிருக்கிறாள். அது ஓனர் வீட்டுப் புள்ளைங்க சாமி என்று அவர் சொன்னார். சொன்னதும் அவளுக்குச் சமாதானமாகிவிட்டது. அவருக்கு ஆனதா என்று கேட்கத் தெரிகிற வயசில்லை அது. மரம் அறுக்கும் மில் வந்தது. அப்பா பின்னால் பார்த்துப் பார்த்து வண்டியை எடுத்து, இரண்டு தடவை முன்னே வந்து திரும்பப் போய், கோட்டுக்குள் நிறுத்தினார். மரக்கட்டைகள் இறங்கிவிட்டன என்று திரை சொன்னது. அவர் விளக்கை அணைத்தார். என்ஜினை அணைத்தார். கன்ட்ரோலரை இரண்டு கையாலும் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவளிடம் கொடுத்தார்.

"ம். இப்பக் கழட்டு."

அவள் கழற்றினாள். இந்தத் தடவை கை ஆடவில்லை. புது டிஸ்க்கில் திரை உடனே வந்தது, யார் ஓட்டுவது என்று கேட்டு, அப்பா என்ற ஒரே பேரைக் காட்டியது. அவள் அதை எடுத்துவிட்டு அவர் பேரை ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். அப்பா கிட்டே வந்து பார்த்தார். இனிஷியல் போடு என்றார். போட்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். கொட்டகையில் வெள்ளை லாரி ஒன்று எதுவும் எழுதாத முகப்போடு நின்றது.

"சாமி, முன்னால பேரு எழுதறதுக்கு இதுல எடம் இருக்குதா?"

"இருக்குங்கப்பா."

"அப்ப மொதல்ல உம் பேர எழுது. அப்புறம் வண்டிய எடுக்கலாம்."

அவள் தன் பேரை முகப்பில் அடித்ததும், நிச்சயமாகவா, தொடரலாமா என்று திரை கேட்டது. அவள் அழுத்தினாள்.